கையடக்க லினக்ஸ் கருவியும் பிளாஷ் செருகியும்: குற்றவாளி யார்?

"பிளாஷ் செத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. செத்த பாம்பை ஏன் இன்னும் அடிக்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு பிளாஷ் பிளேயரைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்த மென்பொருள், கணினியிலே இருந்தாலுங்கூடப் படங்காட்ட மறுத்தது. இவை உண்மை. ஆயினும் பாம்பு சாகவில்லை. சட்டையை உரித்துப் போட்டுவிட்டு வேறொரு புற்றுக்குள் குடிபுகுந்திருக்கிறது. உரித்த சட்டையைப் பார்த்து ஊரார் மகிழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இதனை எழுதத் தூண்டியது தொழில்நுட்பம் கற்ற நண்பர் ஒருவரின் பேச்சு. லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்ட கையடக்கக் கருவிகள் ஏன் மக்களிடம் எடுபடவில்லை என்று பேச்சு வந்தபோது அவர் சொன்னார்: "ஒரு வீடியோவைப் பார்ப்பதற்கு ஒன்பது கோப்புகளைத் தேட வேண்டும். இலவசமாகத் தருகிறவனிடம் இதைவிட எதனை எதிர்பார்க்கலாம்?" கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. களவு கொடுத்தவனையே கள்ளன் என்று பிடித்துக்கொடுப்பதற்கு ஒப்பான வாதம் இது. ஒன்பது கோப்புகளைத் தேட வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் தேட வைத்தது யார்? அதைத்தான் இங்கே ஆராய விரும்புகிறேன்.

கருவியிலே குறை இருந்ததா?

பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 2005 மே மாதம் நியூயோர்க்கில் நடைபெற்ற லினக்ஸ் மாநாடொன்றில் 770 என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. அது தொலைபேசி அன்று. இணையத்தைக் கையில் வைத்துப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட சிறு கணினி. 4.1 அங்குலத் திரையில் 800க்கு 480 என்ற அளவில் புள்ளிகள். அந்நாளில் சட்டைப்பையில் அடங்கும் கருவியொன்றில் இத்தகைய திரை அபூர்வம். 2007 ஜனவரியில் என்800 வந்தது. ஐபோன் உலகுக்குக் காட்டப்பட்டதும் அதே மாதத்தில்தான். அதே ஆண்டின் இறுதியில் விசைப்பலகையும் ஜி.பி.எஸ். வசதியும் கொண்ட என்810 வந்தது. 2009 நவம்பரில் தொலைபேசியாகவும் அமைந்த என்900 வந்தது. ஐபேட் வெளிவந்தது 2010ஆம் ஆண்டில் என்பதை நினைவிற் கொண்டால், இந்தக் கருவிகள் காலத்தை எவ்வளவு முந்தி வந்தன என்பது விளங்கும்.

இவற்றின் இயங்குதளத்துக்கு மேமோ என்று பெயர். டெபியன் லினக்ஸை அடியாகக் கொண்டது. அதன் பெரும்பகுதியின் மூலநிரல் எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடியதாக இருந்தது. இக்கருவிகளில் ஒன்றை நெடுங்காலம் பாவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உலகின் ஏதோவொரு மூலையில் இருந்த மாணவனோ, பொறியியலாளனோ தன் ஓய்வு நேரத்தில் எழுதிய மென்பொருளைத் தரவிறக்கிப் போட்டால் கருவி புதிய வேலையொன்றைக் கற்றுக்கொள்ளும். அகராதி, மின்னூல் வாசிப்பான், வரைபடம் என்று அது வளர்ந்துகொண்டே போனது. நிறுவனம் செய்யாததைப் பாவனையாளர் செய்துகொண்டார்கள். பழுதைக் கண்டவர் திருத்தினார். திருத்தியவர் மற்றவருக்கும் கொடுத்தார்.

ஆனால் ஒரேயொரு இடத்தில் மட்டும் எல்லாருடைய கையும் கட்டுண்டு நின்றது. இணையப் பக்கத்துக்குள் வரும் அசையும் படத்தையும் ஒலியையும் இயக்கும் இடம் அது.

செருகி என்பது என்ன?

விளங்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்று உலாவி தானாகவே வீடியோவை இயக்குகிறது. அன்று அப்படியன்று. எழுத்தையும் படத்தையும் காட்டுவதுதான் உலாவியின் வேலை. 1990களின் நடுப்பகுதியில் நெற்ஸ்கேப் நிறுவனம் ஒரு வழியை வகுத்தது. பக்கத்தில் தனக்குத் தெரியாத வகைக் கோப்பு ஒன்று வந்தால், உலாவி அதற்கென்று ஒதுக்கப்பட்ட கோப்புறைக்குள் தேடும். அங்கே அந்த வகையைக் கையாளும் துணை மென்பொருள் இருந்தால் அதனை அழைத்து, பக்கத்தில் ஒரு சதுரத்தை அதற்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டு விலகி நிற்கும். அந்தத் துணை மென்பொருளே செருகி. சதுரத்துக்குள் என்ன நடக்கிறது என்பது உலாவிக்கும் தெரியாது, பாவனையாளருக்கும் தெரியாது.

இந்தச் செருகி மூலநிரலாக வருவதில்லை. ஒரு குறிப்பிட்ட புரொசசருக்கென்று சமைத்து முடித்த இயந்திரமொழிக் கோப்பாக வரும். மேசைக்கணினியில் இருந்தது இன்ரெல் வகைப் புரொசசர். கையடக்கக் கருவியில் இருந்ததோ ஏ.ஆர்.எம். வகை. முன்னதற்குச் சமைத்ததைப் பின்னது உண்ணாது. மூலநிரல் கையில் இருந்தால் வேறு புரொசசருக்கு மறுபடியும் சமைத்துக்கொள்ளலாம். இல்லையேல், சமையற்காரர் மனம் வைத்தால்தான் சோறு.

மேமோவில் இருந்த ஆயிரக்கணக்கான மென்பொருட்கள் ஏ.ஆர்.எம். புரொசசருக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். மூலநிரல் இருந்தது, மறுபடியும் சமைத்தார்கள். பிளாஷ் செருகிக்கு மூலநிரல் இல்லை. உரிமையாளர் கொடுத்தாலன்றி எவராலும் அதனைக் கொண்டுவர முடியாது. இதிலே திறமைக் குறைவு எங்கே வந்தது? சோம்பல் எங்கே வந்தது?

பதிப்பு எண்களின் கதை

நோக்கியா 770 கருவியின் அதிகாரபூர்வமான இயங்குதளத்தில் இருந்தது பிளாஷ் 6ஆம் பதிப்பு. யூரியூப் தொடங்கிய காலம் அது. யூரியூப்போ அதற்கு மேற்பட்ட பதிப்பைக் கேட்டது. ஆகவே உலகமே வீடியோ பார்க்கத் தொடங்கிய நேரத்தில், இணையத்தைப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி அந்தப் பக்கத்தில் வெறுஞ் சதுரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. என்800 முதலில் 7ஆம் பதிப்போடு வந்தது. பின்னர் 2007ஆம் ஆண்டிலேயே 9ஆம் பதிப்பு கிடைத்தது. நன்று. ஆனால் 2009இன் இறுதியில் வந்த என்900 கருவியும் அந்த 9ஆம் பதிப்பின் வழிவந்ததோடேயே நின்றுவிட்டது. இணையத்தளங்கள் 10ஐக் கேட்கத் தொடங்கியபோது அதனிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அப்போது பாவனையாளர் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? செருகிக் கோப்பைத் திறந்து அதற்குள் இருந்த பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினார்கள். 9 என்று சொல்ல வேண்டிய கருவி 10 என்று சொல்லியது. சில தளங்கள் உடனே இயங்கின! கருவியால் முடியாது என்பதற்காகக் கதவு சாத்தப்படவில்லை, கழுத்தில் தொங்கிய அட்டையிலுள்ள எண் பழையது என்பதற்காகவே சாத்தப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மேசைக்கணினி லினக்ஸும் இந்த அவமதிப்புக்குத் தப்பவில்லை. 8ஆம் பதிப்பு லினக்ஸுக்கு வரவேயில்லை. 7இலிருந்து 9க்குத் தாவுவதற்கு 2007 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. 64 பிட் கணினிகளுக்கான லினக்ஸ் செருகி சோதனைப் பதிப்பாகத் தலைகாட்டியது 2008 நவம்பரில். 2011 நவம்பரில் கையடக்கக் கருவிகளின் உலாவிகளுக்குப் பிளாஷ் செய்வதை நிறுத்துவதாக அடோபி அறிவித்தது. 2012 பெப்ரவரியில் லினக்ஸுக்கான பழைய வகைச் செருகி 11.2ஆம் பதிப்போடு நிற்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்றது. ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தது ஒரே மேசை. அந்த மேசையில் பாவனையாளருக்கு ஒரு முக்காலியும் இருக்கவில்லை.

தொண்டர்கள் சும்மா இருந்தார்களா?

"முடியாவிட்டால் நீங்களே ஒன்றைச் செய்திருக்கலாமே?" என்று கேட்கலாம். செய்தார்கள். 2005இன் இறுதியில் குனு திட்டத்தின் கீழ் நாஷ் என்னும் மாற்று மென்பொருள் தொடங்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிளாஷ் கோப்பின் அமைப்பை விளக்கும் ஆவணத்தை வாசிக்க வேண்டுமானால், அதனைக் கொண்டு வேறொரு பிளேயரைச் செய்யமாட்டேன் என்ற நிபந்தனைக்கு உடன்பட வேண்டியிருந்தது. அந்த நிபந்தனை நீக்கப்பட்டது 2008 மே மாதத்தில். அதுவரை தொண்டர்கள் ஆவணத்தைப் பாராமல், கோப்புகளையே பிரித்துப் பார்த்து, இருட்டில் தடவித் தடவி வேலை செய்ய நேர்ந்தது. அவர்கள் ஒரு பதிப்பைப் புரிந்துகொண்டு முடிக்கும்போது உரிமையாளர் இரண்டு பதிப்பு முன்னே போயிருப்பார். காலைக் கட்டிவிட்டு ஓடச் சொல்லி, பிந்தி வந்தான் என்று ஏசுவது எந்த ஊர் நியாயம்?

கட்டற்ற மென்பொருளான எம்பிளேயரை மேமோவுக்குக் கொண்டுவந்தவர்களும் தொண்டர்களே. அதன் மூலநிரலை ஏ.ஆர்.எம். புரொசசருக்கு ஏற்றவாறு செப்பனிட்டார்கள். யூரியூப் வீடியோவைப் பக்கத்திலிருந்து தரவிறக்கி, எம்பிளேயரில் போட்டுப் பார்த்தவர்கள் பலர். உலாவிக்குள் ஓட மறுத்த அதே படம், உலாவிக்கு வெளியே அதே கருவியில், அதே புரொசசரில் ஓடியது. குறை கருவியில் இல்லை என்பதற்கு இது இரண்டாவது சான்று.

நோக்கியாவையும் இங்கே புனிதராக்க நான் முயலவில்லை. ஓக் என்ற ஒலி, ஒளிக் கோப்பு வகை எவருக்கும் உரிமைப் பணம் செலுத்தாமல் பாவிக்கும்படி வெளியிடப்பட்டது. லினக்ஸ் உலகின் பிள்ளை அது. லினக்ஸ் கருவியை விற்ற நோக்கியா, ஓக் கோப்பை இயக்கும் வசதியைக் கருவியோடு தரவில்லை. அதையும் தொண்டர்களே சேர்த்தார்கள். அத்தோடு நிற்கவில்லை. உலாவியே வீடியோவை இயக்கும் முறையை எச்.ரி.எம்.எல். 5 தரத்துக்குள் கொண்டுவரும் முயற்சி 2007இல் தொடங்கியது. எல்லா உலாவிகளுக்கும் பொதுவாக ஓக் வகையை வைத்துக்கொள்ளலாம் என்று வரைவில் எழுதப்பட்டது. 2007 டிசம்பரில் நடந்த டபிள்யூ3சி அமைப்பின் பட்டறைக்கு நோக்கியா ஒரு கருத்துரை அனுப்பி அதனை எதிர்த்தது. எதிர்த்ததோடு, ஓக்கைத் தனியுடைமைத் தொழில்நுட்பம் என்றும் வர்ணித்தது! அதே மாதத்தில் அந்தப் பரிந்துரை வரைவிலிருந்து நீக்கப்பட்டது. எச்.264 வீடியோ முறை தொடர்பான காப்புரிமைகளை வைத்திருந்த நிறுவனங்களுள் நோக்கியாவும் ஒன்று என்பதை அறிந்தால் இந்த எதிர்ப்பின் ஊற்று எதுவென்று வாசகர்கள் தாங்களே விளங்கிக்கொள்வார்கள்.

எதிர்வாதங்கள் மூன்று

நியாயமாகப் பேச வேண்டுமானால் மறுதரப்பையும் கேட்க வேண்டும்.

முதலாவது, "பணம் போட்டுச் செய்தவனுக்குத் தன் பொருளைத் திறந்து காட்டாதிருக்கும் உரிமை உண்டு" என்பது. உண்டு. தன் வீட்டுக்கு எவரும் எந்தப் பூட்டையும் போடலாம். ஆனால் ஊர் நடக்கும் தெருவுக்குப் பூட்டுப் போடுகிறவனிடம் ஊர் கேள்வி கேட்கும். பிளாஷ் ஒரு விளையாட்டுப் பொருளாக இருந்தவரையில் இந்தக் கேள்வி எழவில்லை. செய்தியும் வானொலியும் அரசாங்கப் படிவமும் அதன் வழியாகவே வரத் தொடங்கியபோது அது தெருவாகிவிட்டது.

இரண்டாவது, "அந்தக் கருவிகளின் வலு போதாது" என்பது. என்800இல் இருந்தது 400 மெகாஹேர்ட்ஸ் அளவில் ஓடக்கூடிய புரொசசர். நினைவகம் 128 மெகாபைற். பிளாஷ் வீடியோ அதில் திக்கித் திணறியது மெய்தான். ஆனால் அந்தச் சில்லுக்குள் ஒலி, ஒளி வேலைக்கென்றே தனியான துணைப் புரொசசர் இருந்தது. மூடிய செருகி முழுச் சுமையையும் பிரதான புரொசசரின் தலையில் ஏற்றியது. மூலநிரல் திறந்திருந்தால் அதனைச் செப்பனிட ஆட்கள் இருந்தார்கள் என்பதற்கு எம்பிளேயரே சாட்சி. வலு குறைந்த மாட்டைத் தட்டிக்கொடுத்து நடத்தலாம். வண்டிக்காரனையே கிட்ட விடாமல் மாட்டைக் குறைசொல்லக் கூடாது.

மூன்றாவது, அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் 2010 ஏப்ரலில் எழுதிய பகிரங்கக் கடிதத்தின் வாதம். பிளாஷ் மூடியது, பாதுகாப்பற்றது, மின்கலத்தைத் தின்பது, ஆகவே எங்கள் கருவிகளில் அதற்கு இடமில்லை என்றார் அவர். பிளாஷைப் பற்றி அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி சரி. ஆனால் சொன்னவர் யார்? தன் கருவியில் எந்த மென்பொருள் ஏறலாம் என்பதைத் தானே தீர்மானிக்கும் நிறுவனத்தின் தலைவர். ஒரு சிறைக்காவலர் இன்னொரு சிறையைப் பார்த்து "அங்கே சுதந்திரம் இல்லை" என்றால் அதை உண்மை என்று ஏற்கலாம். அதற்காக அவரை விடுதலை வீரர் என்று கொண்டாட வேண்டியதில்லை.

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள்

மூடிவைப்பது தவிர்க்க முடியாத வணிக நியதி என்று சொல்பவர்களுக்கு அடோபியின் வீட்டிலிருந்தே பதில் உண்டு. பி.டி.எப். கோப்பு வகையை உருவாக்கியதும் அதே அடோபிதான். 2008 ஜூலையில் பி.டி.எப். சர்வதேசத் தர நிறுவனத்தின் தரமாகியது. யாரும் அதற்கு வாசிப்பான் எழுதலாம். எழுதினார்கள். மேமோ கருவியில் பி.டி.எப். கோப்பு திறந்தது, இன்றைய எந்தத் தொலைபேசியிலும் திறக்கிறது. அதனால் அடோபி வறுமைப்பட்டுப் போகவில்லை.

இதன் பயன் நம் வாசலிலேயே தெரிகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்திப் பி.டி.எப். கோப்புகளாக வைத்திருக்கிறது. அன்று இட்ட கோப்பை இன்று ரொரன்ரோவில் இருப்பவரும் திறக்கிறார், திருகோணமலையில் இருப்பவரும் திறக்கிறார். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்தப் பக்கங்களை யாராவது பிளாஷ் நூலாக, தாள் புரளும் அழகோடு செய்து வைத்திருந்தால்? 2021 ஜனவரியில் ஒரு நூல்நிலையம் மீண்டும் எரிந்திருக்கும். புகை மட்டும் தெரிந்திராது.

எழுத்துருவின் கதையும் இதையே சொல்கிறது. யூனிகோட் பரவுவதற்கு முன்னர் பாமினி போன்ற எழுத்துருக்களில் நாம் எழுதிக் குவித்தவை ஏராளம். இன்று எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஆனாலும் அவை அழியவில்லை. ஏன்? எந்த விசை எந்தத் தமிழெழுத்து என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே தமிழார்வலர்கள் மாற்றிகளை எழுதினார்கள். ஒட்டினால் யூனிகோட்டாக வந்துவிடும். தரம் இல்லாதிருந்ததுகூட நம்மைக் கொல்லவில்லை. இரகசியம் இல்லாதிருந்ததால் பிழைத்துக்கொண்டோம்.

பத்திரிகைக்காரனுக்கு இதில் என்ன?

ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நடந்த கூட்டம் நினைவுக்கு வருகிறது. இணையத்தளம் செய்து தருவதாக வந்த ஒருவர் முகப்புப் பக்கம் முழுவதையும் பிளாஷில் காட்டினார். தலைப்புகள் பறந்து வந்து அமர்ந்தன. படங்கள் புரண்டன. எல்லாரும் வியந்தார்கள். நான் கேட்டேன்: "தம்பி, செருகி இல்லாத கருவியில் இது எப்படித் தெரியும்? இந்தச் செய்தியிலிருந்து ஒரு வரியை வாசகர் எடுத்து நண்பருக்கு அனுப்ப முடியுமா? தேடுபொறியில் இது அகப்படுமா?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, பிளாஷ் இல்லாத கணினி இந்த உலகத்தில் எங்கே இருக்கிறது?" அந்தக் கேள்விக்கு இன்று விடை சொல்வதானால், பிளாஷ் உள்ள கணினி எங்கே இருக்கிறது என்றுதான் தேட வேண்டும்.

இது சிறிய இடத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் பற்றி அமெரிக்காவின் பெரிய செய்தி நிறுவனங்கள் பிளாஷில் அமைத்திருந்த செய்தித் தொகுப்புகள் பல இன்று இயங்குவதில்லை என்பதை, அந்நிகழ்வின் 20ஆம் ஆண்டு நிறைவின்போது சி.என்.என். சுட்டிக்காட்டியது. வாஷிங்டன் போஸ்ட், ஏ.பி.சி. போன்றவையே தம் பழைய பக்கங்களைக் காப்பாற்ற முடியவில்லை என்றால் மற்றவர் கதி என்ன? தென்னாபிரிக்க வரிச் சேவை தன் படிவங்களைப் பிளாஷில் வைத்திருந்ததால் 2021 ஜனவரியில் பிளாஷ் இயங்கக்கூடிய தனி உலாவி ஒன்றையே வெளியிட நேர்ந்தது. ஓர் அரசாங்கம் தன் குடிமக்களிடம் வரி அறவிடுவதற்கு, வேறு நாட்டு நிறுவனமொன்று கைவிட்ட மென்பொருளுக்குப் பின்னால் ஓடியது!

பத்திரிகை என்பது அன்றன்று விற்கும் தாள் மட்டுமன்று. நாளை வருபவன் நேற்று என்ன நடந்தது என்று பார்ப்பதற்கான சாட்சியம். ஈயத்தில் அச்சிட்ட பத்திரிகையை நூறாண்டு கழித்தும் கண்ணுள்ளவன் படிப்பான். பத்தாண்டுக்கு முன் செய்த ஒலி, ஒளித் தொகுப்பைப் பார்ப்பதற்கு இன்னொருவனின் அனுமதி வேண்டும் என்றால் அந்தச் சாட்சியத்துக்கு என்ன பெறுமதி?

காப்பாற்ற வந்தவர்கள் யார் என்பதையும் பார்ப்போம். பழைய பிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவிகளில் இயக்கும் ரபிள் என்ற கட்டற்ற மென்பொருளைத் தொண்டர்கள் எழுதினார்கள். 2020 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகம் அதனைக் கொண்டு பழைய பிளாஷ் ஆக்கங்களை மீட்டெடுக்கத் தொடங்கியது. "இலவசமாகத் தருகிறவனிடம் எதனை எதிர்பார்ப்பது" என்று என் நண்பர் கேட்டாரே, அந்த இலவசக்காரன்தான் பணக்காரன் எறிந்துவிட்டுப் போனதைப் பொறுக்கிக் கழுவி வைத்துக்கொண்டிருக்கிறான்.

பாம்பு புகுந்த புற்று

இனித் தொடக்கத்தில் சொன்ன இடத்துக்கு வருவோம். குரோம் உலாவி 2015இல் பழைய வகைச் செருகிகளை முற்றாக நீக்கியது. பயர்பொக்ஸ் 2017இல் பிளாஷ் தவிர்ந்த மற்றவற்றை நீக்கியது. செருகியின் காலம் முடிந்தது என்று கைதட்டினோம். அதே 2017 செப்டம்பரில் டபிள்யூ3சி அமைப்பு ஈ.எம்.ஈ. என்னும் முறையை இணையத் தரமாக்கியது. பூட்டிய வீடியோவைப் பூட்டுத் திறக்கும் மூடிய மென்பொருள் துண்டொன்றோடு உலாவி எப்படிப் பேச வேண்டும் என்பதை வகுக்கும் முறை இது. உலகளாவிய வலையைக் கண்டுபிடித்த ரிம் பேர்னர்ஸ் லீயே இதனை ஆதரித்தார் என்பது வருந்தத்தக்கது. எலெக்ரோனிக் புரன்ரியர் பவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பு அன்றே டபிள்யூ3சியிலிருந்து விலகியது.

அந்த மூடிய துண்டுகளுள் பரவலானது கூகிளின் வைட்வைன். அது என்ன? ஒரு குறிப்பிட்ட புரொசசருக்கென்று சமைத்து முடித்த இயந்திரமொழிக் கோப்பு. மூலநிரல் இல்லை. உரிமையாளர் தந்தால்தான் உண்டு. எங்கேயோ கேட்ட கதை போலில்லையா? இன்ரெல் வகைக் கணினி லினக்ஸுக்கு அது கிடைத்தது. ஏ.ஆர்.எம். லினக்ஸ் பாவித்தவர்கள் நெடுங்காலம் குரோம்புக் கருவியின் மென்பொருளைத் தரவிறக்கி, அதற்குள்ளிருந்து அந்தக் கோப்பைப் பிரித்தெடுத்துத் தம் கருவியில் ஒட்ட வேண்டியிருந்தது. பைன்போன் போன்ற லினக்ஸ் தொலைபேசி வைத்திருந்தவர்களும் இந்த வழியிலேதான் அலைந்தார்கள். 2007இல் என்800 வைத்திருந்தவர் செய்த அதே வேலை. 2019இல் கட்டற்ற உலாவியொன்றைச் செய்துகொண்டிருந்த ஒருவர் வைட்வைன் உரிமத்துக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருந்தார். திறந்த மூலநிரல் கொண்ட உலாவிக்கு இல்லை என்பதே அவருக்குக் கிடைத்த பதில். செருகி ஒழிந்ததாம்!

திரைப்படம் எடுப்பவர்கள் களவுக்கு அஞ்சிப் பூட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பூட்டிய படங்களும் வெளியான சில நாளில் களவாகக் கிடைக்கின்றன என்பது அவர்களுக்கும் தெரியும். அது அவர்களுடைய பாடு. ஆனால் சினிமாவுக்குப் போட்ட பூட்டு செய்திக்கும் பாடத்துக்கும் ஊர்ப் பாட்டுக்கும் தொற்றிவிடக் கூடாது என்பதே என் கவலை.

நாம் செய்ய வேண்டியது

அடோபியையும் கூகிளையும் திருத்தும் வலு நமக்கில்லை. நம் கையில் இருப்பதை நாம் திருத்தலாம். தமிழ் வானொலி நடத்துபவர்கள், தமிழ்ப் பத்திரிகை நடத்துபவர்கள், தமிழ்க் காணொளி செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் சில வேண்டுகோள்கள்.

எழுத்தை எழுத்தாகவே, யூனிகோட்டில் இடுங்கள். படமாக்கி இடாதீர்கள். நிகழ்ச்சி ஒலிபரப்பாகி முடிந்ததும் ஒலிக்கோப்பை எவரும் தரவிறக்கும்படி நேரடி இணைப்போடு வையுங்கள். எம்பி3 முறையின் காப்புரிமைகள் 2017இல் காலாவதியாகிவிட்டன. ஆகவே அதற்கு இன்று எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. காணொளியை யூரியூப்பில் இடுவதில் தவறில்லை. ஆனால் மூலப்பிரதியை உங்கள் வீட்டிலும் வையுங்கள். "எங்கள் செயலியில் மட்டுமே கேட்கலாம்" என்று விளம்பரப்படுத்தும் நிலையங்களுக்கு ஒரு கேள்வி: அந்தச் செயலி நின்றுபோகும் நாளில் உங்கள் பத்தாண்டு ஒலிப்பதிவுகளை யார், எதில் கேட்பார்? இதற்கு விடை எழுதி வைத்துவிட்டு விளம்பரம் செய்யுங்கள்.

என் நண்பருக்கும் ஒரு வார்த்தை. லினக்ஸ் கருவி வைத்திருந்தவன் ஒன்பது கோப்புகளைத் தேடியது அறியாமையால் அன்று. பத்தாவது கோப்பை ஒருவர் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார், அதனால்தான். தேடியவனைப் பார்த்துச் சிரிப்பதை விட்டுவிட்டு, பூட்டியவரிடம் போய்க் கேள்வி கேட்கப் பழகுவோம். அந்தப் பழக்கம் வராதவரையில், அடுத்த செருகி வேறொரு பெயரில் வரும்போதும் நாம் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்போம்.